முதியோர் உணவுக்கூடத் திருப்பணி நிறைவு அறிக்கையும் வரவு செலவு விளக்கமும்

அன்புடைய உறுப்பினர் அனைவருக்கும் நிர்வாகக் குழுவின் வணக்கம்.

2024 மே மாதம் தொடங்கிய நம் உணவுக்கூடத் திருப்பணி செப்டம்பர் 22ஆம் நாள் நிறைவுற்றது. 2024-25ஆம் நிதியாண்டின் கணக்கு தணிக்கையாகி வந்துவிட்டதால், வந்த பணம் எவ்வளவு, எதற்குச் செலவானது, எங்கே நாங்கள் தவறினோம் என்பதை ஆண்டுப் பொதுக்குழுவுக்கு முன்பாகவே எழுத்தில் வைக்கிறோம்.

மதிப்பீடு 8,75,000 ரூபாய். செலவானது 10,75,000 ரூபாய். இந்த 2,00,000 ரூபாய் வேறுபாட்டில் பெரும்பகுதி மட்டப்பாவின், அதாவது தட்டையான கூரையின், கட்டைகளால் வந்தது. நம் கட்டடத்தின் கூரை, கொத்தனார்கள் மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லும் பழைய முறையில், தேக்குக் கட்டைகளின் மேல் செங்கலைக் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கி, சுண்ணாம்புக் காரையிட்டு, மேலே தட்டோடு பதித்துக் கட்டப்பட்டது. மதிப்பீடு போட்டபோது கீழிருந்து பார்த்து நான்கு கட்டைகளை மாற்றினால் போதும் என்று கணித்தோம். தட்டோட்டைப் பெயர்த்த பிறகுதான், சுவருக்குள் புதைந்திருந்த முனைகளில் பதினொன்றைக் கரையான் அரித்திருந்தது தெரிந்தது. பழைய கூரையை முழுவதும் இடித்துவிட்டு கான்கிரீட் போடலாம் என்ற யோசனையும் வந்தது. சுண்ணாம்புச் சுவர்கள் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்பதில் பொறியாளருக்கு ஐயம் இருந்ததாலும், வெயில் காலத்தில் சுண்ணாம்பு மட்டப்பாவின் கீழ் முதியோர் சற்றுக் குளுமையாக உட்கார முடியும் என்பதாலும் பழைய முறையிலேயே செய்தோம். சுண்ணாம்பை நீற்றி, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் இப்போது மிகக் குறைவு என்பதால், அவர்களுக்காக இரண்டு வாரம் காத்திருக்கவும் நேர்ந்தது.

செலவில் மரம், செங்கல், சுண்ணாம்பு, தட்டோடு ஆகியவற்றுக்கு 5,42,300 ரூபாயும், ஒப்பந்தக் கூலிக்கு 3,08,700 ரூபாயும், சமையற்கட்டுக்கும் கழிவுநீர் வாய்க்காலுக்கும் 96,400 ரூபாயும், சாய்தளத்துக்கும் கழிப்பறைக் கைப்பிடிகளுக்கும் 52,100 ரூபாயும், மின்கம்பி வேலைக்கு 47,500 ரூபாயும், பொறியாளர் கட்டணத்துக்கும் சாரத்துக்கும் 28,000 ரூபாயும் ஆயின. கூலி ஒப்பந்தக்காரர் தனிநபர் என்பதால் ஒரு விழுக்காடு வரியாக 3,087 ரூபாய் பிடித்துக் கட்டியிருக்கிறோம். சாய்தளத் தொகையில் 11,200 ரூபாய் எங்கள் கவனக்குறைவால் ஏற்பட்டது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்ற அளவைப் பார்க்காமல் முதலில் செங்குத்தாகக் கட்டி, சக்கர நாற்காலி ஏறவில்லை என்று கண்ட பின் இடித்துக் கட்டினோம். மரத்துக்கு மூன்று இடங்களில் விலைப்புள்ளி வாங்கினோம். அவற்றுள் ஒன்று குழு உறுப்பினர் ஒருவரின் உறவினர் கடை என்பதால், எந்தக் கடையில் வாங்குவது என்று முடிவு எடுத்த கூட்டத்தில் அந்த உறுப்பினர் கலந்துகொள்ளவில்லை.

வரவில் 112 உறுப்பினர்கள் தந்தது 4,36,000 ரூபாய். ஊராரும் வெளியூர் அன்பர்களும் ரசீது பெற்றுத் தந்தது 5,18,500 ரூபாய். உண்டியலில் சேர்ந்தது 24,000 ரூபாய். பழைய மரமும் இரும்பும் விற்றது 31,500 ரூபாய். ஆக 10,10,000 ரூபாய். பெயர் தெரியாத நன்கொடை ஒரு லட்ச ரூபாய் வரம்பைத் தாண்டாததால் உண்டியல் பணத்துக்கு வரி இல்லை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தவர்களுக்கு, வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு நன்கொடையாளருக்குத் தரும் வரிச்சலுகை கிடைக்காது என்பதை ரசீது எழுதும்போதே சொல்லியிருக்க வேண்டும். தொடக்கத்தில் சிலரிடம் சொல்லத் தவறினோம், அவர்களிடம் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறோம். மற்றவர்கள் அச்சலுகை பெறுவதற்கான 10பிஇ என்னும் நன்கொடைச் சான்றிதழ்கள் அனுப்பப்பட்டுவிட்டன.

நம் ஊரில் பிறந்து சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற ஒருவர் பெருந்தொகை தர முன்வந்தார். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி நம் சங்கம் பதிவு பெறவில்லை. இந்தியக் குடிமகனாக வெளிநாட்டில் இருப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தரலாமே தவிர, வேறு நாட்டுக் குடிமகன் தருவது, அவர் இம்மண்ணில் பிறந்தவரே ஆனாலும், வெளிநாட்டு நன்கொடையாகிவிடும். மனம் வருந்தியே மறுத்தோம். தம் தாய் இக்கூடத்தில் உண்டவர் என்று அவர் எழுதிய கடிதம் கோப்பில் இருக்கிறது.

இனி, உறுப்பினர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்று. கரையான் அரித்த கட்டைகளைக் கண்ட பிறகு, கூரையைத் திறந்தபடி விட்டால் மழைக்காலம் வந்துவிடும் என்ற பதற்றத்தில், ஜூன் 14ஆம் நாள் உணவு நிதியிலிருந்து 1,80,000 ரூபாயைத் திருப்பணிக் கணக்குக்கு மாற்றினோம். நாள்தோறும் 64 முதியோருக்கு மதிய உணவு தரும் நமக்கு அது ஏறத்தாழ இரண்டு மாதச் சாப்பாட்டுச் செலவு. குழுவில் தீர்மானம் போட்டோம் என்பது உண்மை; ஆனால் உணவுக்கென்று தந்த பணத்தைக் கட்டடத்துக்குத் திருப்ப, கடனாகவே ஆயினும், குழுவுக்கு அதிகாரம் இல்லை. தந்தவர்களையோ உங்களையோ கேட்காமல் அதைச் செய்தது தவறு. ஜூலையில் நாங்கள் எழுதிய வேண்டுகோள் கடிதத்துக்கு நீங்கள் தந்த பணத்திலிருந்து, ஆகஸ்டு 27ஆம் நாள் முழுத் தொகையையும் திருப்பிச் செலுத்திவிட்டோம். அந்த 74 நாள்களுக்கு, சேமிப்புக் கணக்கில் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் வட்டியான 1,095 ரூபாயைக் குழு உறுப்பினர்கள் தம் சொந்தப் பணத்திலிருந்து கட்டினோம். அது சங்கச் செலவில் எழுதப்படவில்லை. இக்காலத்தில் ஒரு நாளும் உணவு நிற்கவில்லை. உறுப்பினர் ஒருவர் வாடகையின்றித் தந்த கொட்டகையில் பந்தி நடந்தது. ஆனாலும் அடுப்பு அணையாமல் இருந்தது, நன்கொடை தடையின்றி வந்ததனால்தான். வராமல் போயிருந்தால் அந்த முதியோருக்கு நாங்கள் என்ன சொல்லியிருப்போம் என்று இன்றும் எங்களுக்குப் பதில் தெரியவில்லை.

இது மறுபடி நேராதிருக்க, உணவு நிதிக்குத் தனி வங்கிக் கணக்கு தொடங்கியிருக்கிறோம். அதிலிருந்து பணம் எடுக்கக் குழுவில் இருவரோடு, குழுவில் இல்லாத உறுப்பினர் ஒருவரும் கையெழுத்திட வேண்டும் என்ற விதித்திருத்தத்தைப் பொதுக்குழுவில் முன்வைக்கிறோம்.

வரவுக்கு மேல் ஆன 65,000 ரூபாய் இப்போதைக்குப் பொது நிதியிலிருந்து ஈடுசெய்யப்பட்டுள்ளது. இதற்கும் உங்கள் ஒப்புதல் வேண்டும். ஒப்பாவிட்டால் தனியே திரட்டித் திருப்புவோம்.

நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலையொட்டி டெல்டாவில் பெய்த கனமழையில் மட்டப்பா ஒழுகவில்லை. சமையற்கட்டின் வடமேற்கு மூலையில் மட்டும் ஈரம் பூத்தது. ஒப்பந்தக்காரர் வந்து காரை பூசிச் சரிசெய்தார். கூலியில் 20,000 ரூபாயை நிறுத்திவைத்திருந்தோம், அடுத்த மழைக்காலமும் கழிந்த பின்னரே தருவதாக அவருடன் எழுதியிருக்கிறோம். இத்தொகையும் மேலே காட்டிய கூலிக்குள் அடக்கம்.

ரசீதுப் புத்தகங்கள், பற்றுச்சீட்டுகள், வங்கிப் பதிவுகள், மூன்று விலைப்புள்ளிகள், ஜூன் 14 தீர்மானம் ஆகியவை பொதுக்குழு நாள் வரை உணவுக்கூட அலுவலறையில், மதிய பந்தி முடிந்த பின் மூன்று மணி முதல் ஆறு மணி வரை உறுப்பினர் எவரும் பார்க்க வைக்கப்பட்டிருக்கும். பொருளாளர் உடனிருப்பார்.

இவண்,
நிர்வாகக் குழு