குளிர் வீட்டுக்குப் போன தோழிக்கு

தலவாக்கலை,
ஜூலை, ஞாயிறு இரவு.

அன்புத் தோழிக்கு,

தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்துப் பிடித்தும் ஒரு சொட்டு விழவில்லை, நுவரெலியாக் கடைகளில் கலப்பட எண்ணெயா விற்கிறார்கள் என்று நீ போனில் கேட்டபோது நான் பஸ்ஸுக்குள் நின்றுகொண்டிருந்தேன். இரைச்சலில் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். எழுத்தில் இருந்தால் சமையலறைச் சுவரில் ஒட்டியும் வைத்துக்கொள்ளலாம்.

எண்ணெயில் ஒரு குறையும் இல்லை, புள்ள. தேங்காய் எண்ணெய் 24, 25 பாகைக்குக் கீழே போனால் உறைந்துவிடும். கொழும்பு வெள்ளவத்தையில் நீ இருந்த 27 வருசத்தில் அது உறைந்து நீ பார்த்திருக்க மாட்டாய். இப்போது நீ இருப்பது கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில். அங்கே சராசரி வெப்பமே 16 பாகைதான். போத்தலை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்தி வை. இளகியதும் வாயகன்ற ஜாம் போத்தல் ஒன்றில் ஊற்றி வைத்துவிடு. அப்புறம் அது உறைந்தால் என்ன, ஈரமில்லாத கரண்டியால் வெட்டி எடுத்துக்கொள்ளலாம். தலைக்கு என்றால் உள்ளங்கைச் சூடே போதும்.

அந்த உறைகிற குணம் இன்னொரு இடத்திலும் வேலை காட்டும். கறிச்சட்டி கழுவின தண்ணீர் குழாய்க்குள் போனதும் எண்ணெய் அங்கேயும் கட்டிபட்டு நிற்கும். மகளின் வீட்டில் சிங்க் அடைத்துக்கொள்கிறது என்றாயே, அது அதுதான். கழுவுவதற்கு முன்னால் சட்டியையும் தட்டையும் பழைய பேப்பரால் துடைத்துவிடு. இரவு கடைசியில் ஒரு கேத்தல் சுடுதண்ணீரை ஊற்றிவிடு. போனில் காட்டுகிறார்களே, அப்பச்சோடாவைப் போட்டு வினாகிரியை ஊற்றினால் பொங்கி எல்லாம் கரைந்துவிடும் என்று, அதை நானும் இரண்டு முறை செய்து பார்த்தேன். இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொள்கின்றன. நுரை அடங்கியதும் மிஞ்சுவது கழுவ உதவாத ஒரு தண்ணீர்தான். சோடாவைத் தனியாகப் போட்டுத் தேய்த்தால் கறை போகும், வினாகிரியைத் தனியாக ஊற்றினால் நாற்றம் போகும். ஆனால் ஒன்று. பிளீச்சோடு வினாகிரியையோ கழிவறை கழுவும் அமிலத்தையோ எந்தக் காரணத்துக்காகவும் கலக்காதே. அதிலிருந்து குளோரின் வாயு கிளம்பும். குளிருக்காகச் சன்னலை மூடி வைத்திருக்கும் சின்னக் குளியலறையில் அது விளையாட்டு இல்லை.

பருப்பு அவிய இவ்வளவு நேரமா என்று கேட்டாய். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கொழும்பில் 100 பாகையில் கொதிக்கிற தண்ணீர் உன் வீட்டில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்கிறது. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேல் சூடு ஏறாது, ஆவிதான் போகும். அதனால் காஸைக் கூட்டி வைத்துச் செலவழிக்காதே. பருப்பைச் சுடுதண்ணீரில் இருபது நிமிசம் ஊறவை, மூடி போட்டு அவி. தக்காளியும் புளியும் பருப்பு மசிந்த பிறகுதான் போட வேண்டும், புளிப்பு முதலிலேயே சேர்ந்தால் பருப்பு விறைத்துக்கொள்ளும். கடலைக்கு பிரஷர் குக்கர் இருந்தால் நல்லது. இரவே ஊறவைக்க மறந்துவிட்டால் காலையில் சுடுதண்ணீர் பிளாஸ்க்கில் பாதிக்கும் குறைவாகக் கடலையைப் போட்டு, கொதித்த தண்ணீரை ஊற்றி மூடு. மத்தியானத்துக்குள் ஊறிவிடும். அது உப்பும், அதனால் நிறையப் போடக் கூடாது.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கு அம்மாதான் கண்ணுக்குள் நிற்கிறார். உனக்குத் தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த எங்கள் காம்பரா நினைவிருக்கும். விடிய நாலு மணிக்கு எழும்புவார். ரொட்டி சுட்டு, எங்கள் நாலு பேருக்கும் தேத்தண்ணி கொடுத்து, சோற்றுப்பானையைக் கொதிக்க வைப்பார். அரிசி பாதி வெந்திருக்கும், வேலைக்குப் பெயர் கொடுக்கிற காலைப் பெரட்டுக்கு நேரமாகிவிடும். அப்போது பானையை மூடி, சாக்கில் சுற்றி, அதன்மேல் பழைய கம்பளியைச் சுற்றி மூலையில் வைத்துவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஓடுவார். மத்தியானம் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது சோறு வெந்து, சூடாக இருக்கும். விறகு மிச்சம், அவர் பக்கத்தில் நிற்க வேண்டிய அரைமணி நேரமும் மிச்சம். சின்னவளாக இருந்தபோது சோறு ஆறக் கூடாது என்றுதான் சுற்றி வைக்கிறார் என்று நினைத்தேன். கம்பளிக்குள் அது வெந்துகொண்டிருந்தது எனக்கு விளங்க 2022 வர வேண்டியிருந்தது.

அந்த வருசம் காஸுக்கு வரிசையில் நின்றதை நீயும் மறந்திருக்க மாட்டாய். எங்களுக்கு ஒரு சிலிண்டரை நீட்டி நீட்டி ஓட்ட வேண்டியிருந்தது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழுகிற மிலாறுக் குச்சி விறகுக்குக் கொஞ்சம் கிடைத்தது, மழையில் அதுவும் ஈரம். அப்போதுதான் அம்மாவின் கம்பளியை அலுமாரி மேலிருந்து இறக்கினேன். ஒரு அட்டைப்பெட்டி, அதன் அடியிலும் பக்கங்களிலும் சுருட்டின பழைய துணி, நடுவில் பானை, மேலே கம்பளி. சோற்றுக்கு அளந்த தண்ணீர் விட்டு, கொதி வந்ததும் மூடியோடு ஐந்தாறு நிமிசம் அடுப்பில் விட்டு, உடனே பெட்டிக்குள் இறக்கிவிடுவேன். ஒரு மணி நேரம் திறக்காமல் விட்டால் சரியாக இருக்கும். திறந்து திறந்து பார்த்தால் சூடு போய்விடும், அதுதான் இதில் எல்லோரும் விடுகிற பிழை. பானை நிறைய இருந்தால் நன்றாக வேகும், கால் பானைச் சோறு வேகாது. காஸ் தாராளமாகக் கிடைக்கிற இப்போதும் நான் இதை விடவில்லை. பெட்டியில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய் வரலாம்.

இறைச்சிக்கும், காய்ந்த சிவப்பு போஞ்சிக் கொட்டைக்கும் இந்தப் பெட்டி வேண்டாம். அந்தக் கொட்டையில் இருக்கிற ஒரு நச்சு நன்றாகக் கொதித்தால்தான் போகும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிசம் தளதளவென்று கொதிக்க வேண்டும், அதன் பிறகும் மெத்தென்று ஆகும்வரை அடுப்பிலேயே இருக்கட்டும். அரைவேக்காடாகத் தின்றால் வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும்.

தோசை மா புளிக்கவில்லை என்பதற்கும் கம்பளிதான் மருந்து. கிரைண்டரில் அரைக்கும்போது இளஞ்சூட்டுத் தண்ணீர் விடு, வெந்தயம் ஒரு கரண்டி கூடப் போடு, கையாலேயே கரை. மாச்சட்டியைக் கம்பளியில் சுற்றி, பக்கத்தில் சுடுதண்ணீர்ப் போத்தல் ஒன்றை வைத்து மூடிவிடு. படுக்கப் போகும்போது தண்ணீரை மாற்று. அடுப்பு மேலேயே வைத்துவிடாதே, அடிமா வெந்துபோகும்.

அடுத்தது உடுப்பு. இந்தத் தென்மேற்குப் பருவ மழை செப்டெம்பர் வரை இருக்கும், நாலு நாளாகியும் காயவில்லையே என்று கலங்காதே. பிழிந்த உடுப்பைக் காய்ந்த துவாயின் மேல் விரித்து, பாயைச் சுருட்டுகிற மாதிரி சேர்த்துச் சுருட்டி, அதன்மேல் ஏறி நின்று மிதி. பேரனை மிதிக்கச் சொல், சந்தோசமாகச் செய்வான். துவாய் பாதித் தண்ணீரை எடுத்துக்கொள்ளும். கொடியில் நெருக்கமாகப் போடாதே, ஒன்றுக்கும் மற்றதுக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு, கதவுக்கும் சன்னலுக்கும் நடுவில் காற்று ஓடுகிற இடத்தில் கட்டு. வீட்டுக்குள் காயப்போடும்போது சன்னலைக் கொஞ்சமாவது திறந்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உடுப்பிலிருந்து போகிற ஈரம் சுவரில் ஏறிப் பூஞ்சணம் பிடிக்கும். பக்கென்று அடிக்கிற அந்த ஈர வாடைக்கு, கடைசியாக அலசுகிற தண்ணீரில் அரைக் கோப்பை வினாகிரி. காய்ந்ததும் வினாகிரி வாடை இருக்காது.

அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் நாலு விரல் அளவுக்கு முன்னால் இழுத்துவிடு. பட்டுப் புடவைகளை பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்துப் பழைய பருத்தித் துணியில் சுற்று. வெயில் எட்டிப் பார்க்கிற நாளில் அலுமாரிக் கதவுகளைத் திறந்து போட்டுவிடு, அந்த ஒரு மணி நேரத்தை விட்டுவிடாதே. உப்புக்குள் வறுத்த அரிசி கொஞ்சம் போடு. நெருப்புப் பெட்டியை மூடி இறுகின போத்தலுக்குள் வை.

இனி எழுதப் போவதுதான் எனக்கு முக்கியம். உன் மகள் இரவில் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் குளிர் காய்கிறாள் என்று நீ பேச்சோடு பேச்சாகச் சொன்னாய். அதை நிறுத்தச் சொல். கரி எரிகிறபோது காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை இல்லையே, தணல் மட்டும்தானே என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், தணலிலிருந்துதான் அது வருகிறது. கதவும் சன்னலும் மூடின அறையில் தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். தலைவலியும் குமட்டலும் வந்து எழும்பினால் உடனே எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கரிச்சட்டிக்குப் பதிலாக ரப்பர் சுடுதண்ணீர்ப் பையைத் துணியில் சுற்றிக் கால்மாட்டில் வைக்கட்டும். படுப்பதற்கு அரைமணி முன்னாலேயே அதைப் போர்வைக்குள் வைத்தால் படுக்கை முழுக்கச் சூடாகிவிடும். காலுறை போட்டுக்கொண்டு படுக்கட்டும். கீழே விரிக்கிற துணி தடிப்பாக இருக்கட்டும், குளிர் கீழிருந்தும் ஏறும்.

பின்கதவு இறுகித் திறக்க மறுக்கிறது என்றும் சொன்னாய். மழைக்காலத்தில் பலகை ஈரத்தைக் குடித்து உப்பும். உரசுகிற விளிம்பில் மெழுகுதிரியையோ காய்ந்த சவர்க்காரத்தையோ நன்றாகத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு மூடும். இழைப்புளியால் பலகையைச் சீவச் சொல்லாதே, வெயில் காலத்தில் இடுக்கு விழுந்துவிடும். ஆனால் மெழுகுதிரியை எடுக்கும் முன்னால் சுவரைப் பார். உன் வீட்டுக்குப் பின்னால் மேடு வெட்டின சரிவு இருக்கிறது என்று மகள் அனுப்பின படத்தில் கண்டேன். கதவு இறுகுவதோடு சுவரில் புது வெடிப்பு, முற்றத்து மண்ணில் பிளவு, மேட்டில் மரம் சாய்வது, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கி வருவது, இதில் ஏதாவது ஒன்றைக் கண்டால்கூடப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிடு. பாத்திரம் பண்டம் பார்க்காதே. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்க முடியுமா? அதற்குப் பிறகுதான் நான் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பை வைத்திருக்கிறேன். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகம், அப்பாவின் மருந்துச் சீட்டு, டோர்ச், கொஞ்சக் காசு, எல்லாம் இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள். நீயும் ஒன்று தயார்செய்து வை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுகிற மண்சரிவு எச்சரிக்கையில் நுவரெலியா மாவட்டம் என்று கேட்டால், எந்தப் பிரதேச செயலகம் என்பதையும் கவனித்துக் கேள்.

அப்பா சுகமாக இருக்கிறார். காது மந்தம், ஆனால் ரேடியோச் செய்திக்கு மட்டும் எழும்பி வந்துவிடுவார். நீ நுவரெலியாவுக்கு வந்துவிட்டாய் என்றதும், "அந்தப் புள்ளைக்குக் கம்பளி இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். அதனால் அடுத்த ஞாயிறு காலை பஸ்ஸில் நான் வருகிறேன். அட்டைப்பெட்டி ஒன்று எடுத்து வை, கம்பளி என் பொறுப்பு. அம்மாவுடையதைத் தர எனக்கு மனம் வராது, அதே மாதிரி இன்னொன்று இங்கே கடையில் பார்த்து வைத்திருக்கிறேன். பெட்டியை நாம் இரண்டு பேரும் சேர்ந்தே கட்டலாம், சோறு வேகிற ஒரு மணி நேரமும் உட்கார்ந்து பேசலாம். எத்தனை வருசமாகிவிட்டது.

பேரனின் சப்பாத்து நனைந்திருக்கும் என்று நினைக்கிறேன். நெருப்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், ஒட்டு விட்டுவிடும். உள்ளே பேப்பரைக் கசக்கித் திணித்து வை, படுக்கும் முன்னால் ஒருமுறை பேப்பரை மாற்று.

அன்புடன்,
உன் பக்கத்து மேசைக்காரி