அறியாமை யாருடையது?

ஆசிரியர் அவர்கட்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இதழில் வந்த பொருளியல் கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். பணவீக்கம் இறங்கிய பிறகும் விலை, விலை என்று சனம் புலம்புவது பொருளியல் அறியாமையாம். உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பித்து ஓய்வுபெற்று, இப்போது வெங்காயத் தோட்டம் செய்பவன் நான். அறியாமை எந்தப் பக்கம் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதம். அடுத்த செப்டெம்பரில் 1.3. அதாவது 100 ரூபாச் சாமான் 170 ஆகி, பிறகு 172 ஆனது. இதில் எங்கே குறைந்தது விலை? அப்போது தங்கள் பத்திரிகை போட்ட தலைப்பு, 'விலைவாசி சரிந்தது'. என் மாணவன் இப்படி எழுதியிருந்தால் புள்ளி போட்டிருக்க மாட்டேன்.

சரி, எங்களுக்கு அறிவில்லை என்றே வைத்துக்கொள்வோம். 2019 டிசம்பரில் வற் எனும் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8க்கு வெட்டியது நானா? வருமானம் விழுந்த அரசாங்கத்துக்கு மத்திய வங்கி காசு அச்சிட்டுக் கொடுத்தபோது எங்களைக் கேட்டார்களா? டொலரை 200 ரூபாவில் பிடித்து வைத்து, கையிருப்பைக் கரைத்துவிட்டு, 2022 மார்ச்சில் கையை விட்டார்கள். மே மாதம் 360ஐத் தொட்டது.

2021 மே மாதம் ஒரேயடியாக இரசாயனப் பசளைக்குத் தடை. என் வெங்காயத் தாள் நுனியிலிருந்து மஞ்சளாகிச் சாய்ந்தது. கிண்டிப் பார்த்தால் காய் கோலிக்குண்டு அளவு. நவம்பரில் தடையை எடுத்தார்கள். பசளைதான் கடையில் இல்லை. அடுத்த வருடம் ஓகஸ்டில், தண்ணீர் இறைக்கும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340க்குப் போனது. மானியம் என்றைக்கும் நீடிக்காது என்று நானே வகுப்பில் சொன்னவன்தான். அதற்காக ஒரே இரவில் நாலு மடங்கா? அப்போதே தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான்கு வரியாகச் சுருக்கிப் போட்டிருந்தீர்கள். அதற்கும் நன்றி.

2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகளை விட்டுவிட்டு ஊழியர் சேமலாப நிதியில் கை வைத்ததைப் பற்றியும் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. என் மகளின் சேமிப்பும் அதற்குள்தான் கிடக்கிறது. அதே வருடம் நவம்பரில் உயர் நீதிமன்றம் நெருக்கடிக்குப் பொறுப்பானவர்கள் என்று சொன்னவர்களில் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் இருவரும் அடக்கம். தோட்டக்காரர் எவரும் இருந்ததாக நான் வாசிக்கவில்லை.

கட்டுரையாளர் மன்னிப்புக் கேட்க வேண்டாம். மாதாமாதம் பணவீக்கச் செய்தி போடும்போது, பக்கத்தில் அரிசி, தேங்காய், மண்ணெண்ணெய் மூன்றுக்கும் இந்த மாத விலையையும் போன வருட விலையையும் ஒரு சிறு பெட்டியில் போடுங்கள். இராசிபலனுக்குக் கொடுக்கும் இடத்தில் கால்வாசி போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கோப்பாய்.