கழிவு ஒயில் நீரைப் பழைய தோட்டக் கிணற்றுக்குள் விடுவதை நிறுத்தக் கோரும் மூன்றாவது மனு

செயலாளர் அவர்கள்,
பிரதேச சபை,
யாழ்ப்பாண மாவட்டம்.

மதிப்பிற்குரிய ஐயா,

சங்கக்கடைச் சந்தியிலிருந்து வடக்கே போகும் ஒழுங்கையில் இயங்கும் வாகனச் சேர்விஸ் நிலையம் பற்றி ஆடி மாதம் ஒரு மனுவும் ஐப்பசியில் ஒரு நினைவூட்டலும் தந்திருந்தோம். இரண்டுக்கும் பதில் வரவில்லை. மாரி பிடித்துவிட்டதால் மீண்டும் பணிவுடன் எழுதுகிறோம். அந்த வளவு தாங்கள் அறிந்ததே. முன்பு புகையிலைத் தோட்டமாக இருந்த காணி அது. தோட்டத்துக்கு இறைத்த கிணறு இன்னும் பின்வேலியோடு கிடக்கிறது. கழுவுநீர் முழுவதும் இப்போது அதற்குள்தான் போகிறது.

தொழில் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தொழில் வளரட்டும், வாகனமும் கூடட்டும். கழிவை எங்கே விடுவது என்பதுதான் எங்கள் முறைப்பாடு.

1. எங்கள் வலிகாமப் பகுதியின் அடிநிலம் சுண்ணாம்புக்கல். மேல்மண் மெல்லியது, கல்லுக்குள் வெடிப்பும் பொந்தும். மணல்தரை வடிகட்டுவதுபோல இது எதையும் வடிகட்டித் தராது. ஒரு கிணற்றில் விட்டது கல்வெடிப்பு வழியே அடுத்த கிணற்றுக்குப் போகும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததைப் பார்த்த மாவட்டத்தில் இதை விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

2. ஒரு வாகனத்தைக் கழுவ 200 லீற்றர் என்று குறைத்துப் போட்டாலும், நாளுக்கு 25 வாகனம் என்றால் 5,000 லீற்றர். அதில் கிறீஸ், டீசல், சேறு, சவர்க்கார நுரை எல்லாம் உண்டு. எண்ணெய் பிரிக்கும் தொட்டி என்று அங்கே காட்டப்படுவது 200 லீற்றர் பீப்பா ஒன்று. கழுவும் குழாய் இரண்டும் ஒன்றாக ஓடினால் நிமிடத்துக்கு 30 லீற்றர் வரும். பீப்பாவில் நீர் ஏழு நிமிடங்கூட நிற்காது. எண்ணெய் மேலே மிதந்து பிரிய அரை மணித்தியாலமாவது வேண்டும், அதாவது குறைந்தது 900 லீற்றர் கொள்ளளவு. முதலில் மண் அடையும் அறை, அடுத்து எண்ணெய் மிதக்கும் அறை, கடைசியாகத் தெளிந்த நீர் அறை என மூன்று அறைகள் தேவை. அறைக்கு அறை போகும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்குக் கீழே முழங்கை போல வளைந்து இறங்க வேண்டும். அங்கே குழாய் மேல்மட்டத்தில் நேராக வைக்கப்பட்டிருக்கிறது. மிதக்கும் எண்ணெய்தான் முதலில் வெளியேறுகிறது! கடும் சவர்க்காரம் போட்டு அழுத்தத்தில் அடித்தால் எண்ணெய் பாலாகக் கரையும். அப்படிக் கரைந்தது எந்தத் தொட்டியிலும் பிரியாது.

3. நிலையத்தின் பெயர்ப்பலகையில் ‘பசுமை’ என்று எழுதியிருக்கிறது. கூரையில் சூரியத் தகடும் வாசலில் பூச்சாடியும் உண்டு. நல்லது. ஆனால் கழுவும் இடத்தில் இன்ரலொக் கல் பதித்திருக்கிறார்கள். மழைநீர் நிலத்துக்குள் இறங்க முற்றத்தில் பதிப்பது அந்தக் கல். கழுவும் இடத்தில் பதித்தால் ஒவ்வொரு இடுக்கிலும் ஒயில் இறங்கும். அங்கே வேண்டியது நீர் ஊறாத கொங்கிறீட் தளமும், சுற்றிவர வரம்பும், மேலே கூரையும். கூரை இல்லாத 100 சதுர மீற்றர் தளத்தில் மணிக்கு 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் நிமிடத்துக்கு 80 லீற்றருக்கு மேல் நீர் ஓடும். எந்தத் தொட்டியையும் அது அலசிக்கொண்டு போய்விடும். அதே அளவு கூரையிலிருந்து பீலி வைத்து மழைநீரைத் தனித் தாங்கியில் பிடித்தால், 10 மில்லிமீற்றர் மழைக்கு ஏறக்குறைய 1,000 லீற்றர் கிடைக்கும். ஐந்து வாகனம் கழுவலாம்.

4. ஐயா, எங்களை மிகவும் வருத்துவது குடிநீர்தான். விடிய வாளி விட்டால் மேலே வானவில் நிறத்தில் படலம். சோற்றிலும் தேநீரிலும் மண்ணெண்ணெய் வாடை. உடுப்புத் தோய்த்தால் வெள்ளை மங்குகிறது. பார்க்க வந்த உத்தியோகத்தர் இரும்புப் படலம் என்று சொல்லிவிட்டுப் போனார். குச்சியால் கீறிப் பார்க்கவில்லை. இரும்புப் பக்ரீறியாவின் படலம் கண்ணாடிச் சில்லாக உடைந்து விலகி நிற்கும், எண்ணெய்ப் படலம் திரும்ப ஒன்றாகச் சேரும். எங்கள் கிணற்றில் சேர்கிறது. கொதிக்க வையுங்கள் என்றார்கள். கொதித்தால் கிருமி சாகும், கழிவு ஒயிலில் உள்ள ஈயம் எங்கே போகும்? குளோரீன் போடச் சொன்னார்கள். அதுவும் கிருமிக்குத்தான். இறைத்து ஊற்றுங்கள் என்றார்கள். இறைக்க இறைக்க அந்தப் பக்கத்து நீர்தான் இந்தப் பக்கம் இழுபடும், நன்னீருக்கு அடியில் கிடக்கும் உவரும் மேலே ஏறும். இதெல்லாம் தெரியாமலா சொல்கிறீர்கள்?

5. எங்கள் கிணற்று நீரில் மாதிரி எடுத்தார்கள். சோடாப் போத்தலில்! எண்ணெய் பிளாஸ்ரிக்கில் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடிப் போத்தல் வேண்டும், கிணற்று நீரால் அதை அலசக் கூடாது, அமிலம் சேர்த்துக் குளிரில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். குடிநீரில் எண்ணெயும் கிறீசும் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இலங்கைத் தரநிர்ணயம். அந்தச் சிறு அளவைச் சோடாப் போத்தலில் எப்படிப் பிடிப்பது?

6. கிணற்று நீருக்குப் பதிலாக பவுசர், அதாவது தாங்கி லொறித் தண்ணீர். வந்தால் வரும்.

ஆகவே ஐயா, முதலில் அந்தக் கிணற்றுக்குள் போகும் குழாயை அடைத்துத் தாருங்கள். தொட்டி, தளம், கூரை எல்லாம் பிறகு வரட்டும், குழாயை இந்தக் கிழமையே அடைக்கலாம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி பெற வேண்டிய சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் அந்த நிலையத்துக்கு உண்டா, உண்டென்றால் எந்த நிபந்தனையோடு, என்பதை எழுத்தில் அறியத் தாருங்கள். கழிவு ஒயிலைப் பீப்பாவில் சேர்த்து யாரிடம், எத்தனை லீற்றர் கொடுக்கிறார்கள் என்ற பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள். மாதிரியை முறையாக, எங்கள் முன்னிலையில், மீண்டும் எடுக்கச் செய்யுங்கள்.

மாரியில் நீர்மட்டம் நாளுக்கு நாள் ஏறுகிறது. தயவுசெய்து அந்தக் குழாயை அடையுங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஒழுங்கையின் கிணற்றுப் பாவனையாளர்கள்

இணைப்பு: முந்திய இரு மனுக்களின் பிரதிகள், குழாயின் படம், வளவின் கைவரைபடம்