ஆறு வாரமாக ஒரு காது

அஸ்தம்பட்டி, சேலம்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, இங்கே எல்லோரும் நலம்.

மகள் ஓவிய வகுப்பை விடப் போகிறாள் என்று எழுதியிருந்தாய். நான்கு மாதமாகப் பிளாஸ்டர் பொம்மையையே வரையச் சொல்கிறார்களாம். நானே இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஓய்வு பெற்றபின் மலை அடிவாரத்தில் ஒரு ஓவியரிடம் சேர்ந்தேன். ஆறு வாரமாக ஒரு பிளாஸ்டர் காதை வரைகிறேன். உள்ளங்கை அளவுதான்.

வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் காதும் தாளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். தரையில் டேப் ஒட்டியிருக்கும், அங்கே நின்றுதான் பார்க்க வேண்டும். முன்னே போய் ஒரு கோடு, பின்னே வந்து சரிபார்ப்பு. நாள் முழுக்க நடைதான். செங்குத்து பார்க்க, கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டையே செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிக்கொண்டேன். முதலில் வளைவே போடக்கூடாது, நேர்கோடுகள் மட்டும். வளைவாகப் போட்டால் கை தன் பழக்கத்துக்கு ஓடிவிடுகிறது. நேர்கோடாக உடைத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாய்வு இருக்கும், தப்பினால் தெரிந்துவிடும்.

மூன்றாவது வாரம் நிழலெல்லாம் போட்டபின் தூக்குநூலைப் பிடித்துப் பார்த்தேன். பொம்மைக் காது பின்னால் சாய்ந்திருக்கிறது, என் காது நேராக நிற்கிறது. காது என்றால் இப்படித்தான் என்று மனதில் இருந்ததையே வரைந்திருக்கிறேன். ஆசிரியர் ஒன்றும் பேசாமல் துணியை நீட்டினார். கரிக்குச்சியால் வரைந்ததுதானே, ஒரே துடைப்பில் போய்விட்டது. வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசவில்லை. மறுநாள் போய் முதல் கோட்டிலிருந்து தொடங்கினேன். அப்போதுதான் அந்தக் காதை முதல்முறையாகப் பார்த்தேன் என்று சொல்வேன்.

டச்சு ஓவியர் வான்கோ 1880இல் வரையக் கற்றபோது, சார்ல் பார்க் என்ற பிரெஞ்சு ஓவியரின் கரிப் பயிற்சித் தாள்கள் அறுபதையும் பார்த்துப் பார்த்து வரைந்தார். அப்போது அவருக்கு 27 வயது. பத்து வருடம் கழித்து, 1890இல், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, அவற்றையே மறுபடி வரைய வேண்டும் என்று தம்பிக்கு எழுதினார். அத்தனை ஓவியங்களை முடித்த கை அது! உன் மகளிடம் இதைச் சொல். அப்புறம், முதல் மாதம் வரைந்த தாளை எடுத்து இந்த மாதத் தாளுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல். விடுவதா வேண்டாமா என்று அதைப் பார்த்தபின் அவளே முடிவு செய்யட்டும்.

பள்ளியில் நாம் மலை என்றாலே மூன்று முக்கோணமும் நடுவில் சூரியனும் போடுவோமே, நினைவிருக்கிறதா? நேற்று மாலை மொட்டைமாடியில் நின்று சேர்வராயனைப் பார்த்தேன். அதில் முக்கோணமே இல்லையடா. மேல்விளிம்பு ஏறக்குறைய மட்டமாக நெடுகப் போகிறது. பிறந்ததிலிருந்து பார்க்கிற மலை!

பொங்கலுக்கு மகளையும் கூட்டிக்கொண்டு வா. காது அதற்குள் முடிந்துவிடும். அடுத்து உதடு என்றிருக்கிறார் ஆசிரியர்.

உன் பழைய நண்பன்