தடையில்லாமல் தொடர்ந்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மருத்துவக் காப்பீடு பற்றிய தங்கள் தலையங்கத்தில், தமிழகத்தில் ‘ஆட்சிகள் மாறினாலும் காப்பீட்டுத் திட்டம் தடையில்லாமல் தொடர்ந்தது’ என்று ஒரு வரி இருந்தது. எழுதியவர் 2011ஆம் ஆண்டை எங்கே தொலைத்தார் என்று தெரியவில்லை.

2009 ஜூலையில் கருணாநிதி தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2011 மே மாதம் ஜெயலலிதா பதவியேற்றதும் கைவிடப்பட்டதும், அதன் இடத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரி 11 அன்றுதான் தொடங்கியதும் தங்களுக்குத் தெரியாததல்ல. நடுவில் போன மாதங்களைத்தான் தங்கள் தலையங்கம் ஒரே வரியில் விழுங்கிவிட்டது.

அந்த மாதங்களில்தான் என் தங்கை கணவருக்கு இதய வால்வு அறுவை சிகிச்சை என்றார்கள். பட்டுத்தறி நெசவாளி. குடும்பத்தோடு புகைப்படம் எடுத்துக் கொடுத்த காப்பீட்டு அட்டையை ரேஷன் கார்டு உறைக்குள்ளேயே பத்திரமாக வைத்திருந்தார்கள். தனியார் மருத்துவமனைக் கவுன்டரில் இருந்த இளைஞர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “இது இனிச் செல்லாது அம்மா. புதுத் திட்டம் வரட்டும், இல்லையென்றால் பணம் கட்டுங்கள்” என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு வந்த உத்தரவு அது. தங்கையின் தோடும் சங்கிலியும் அடகுக்கடைக்குப் போயின. சங்கிலி மீளவில்லை. ஆட்சி மாறும்போது வால்வும் சில மாதம் பொறுத்திருக்க வேண்டும் என்று ஓர் அரசாணை போட்டிருந்தால் எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும்.

புதிய திட்டம் பழையதைவிடப் பெரியது என்பதை நான் மறுக்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்து ஒரு லட்சம் என்றிருந்தது, ஆண்டுக்கு ஒரு லட்சம் என்றானது. பழையதை ஓடவிட்டுக்கொண்டே புதியதைத் தயார் செய்திருந்தால் யார் குடி முழுகிப்போயிருக்கும்? ஆனால் பழையதன் பெயரில் ‘கலைஞர்’ இருந்தாரே! அதே ஆண்டில் எங்கள் பள்ளியில் பாடப்புத்தகங்களில் பழைய ஆட்சியின் சுவடுகள்மேல் ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினோம். பிள்ளைகள் முதல் வேலையாக அதைச் சுரண்டித்தான் பார்த்தார்கள்.

ஒரு கட்சியை மட்டும் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். 2021இல் வந்த தி.மு.க. அரசு காப்பீட்டுத் திட்டத்தைப் பெயர்கூட மாற்றாமல் நடத்தியது; நன்றி. ஆனால் 2020 டிசம்பரில் அ.தி.மு.க. அரசு திறந்த அம்மா மினி கிளினிக்குகள் 2022 ஜனவரியில் மூடப்பட்டன. மருத்துவர்களை ஓராண்டுக்குத்தான் நியமித்திருந்தார்கள் என்று காரணம் சொன்னார்கள். நீட்டிக்கக் கையெழுத்துப் போடுபவரும் அவர்களே அல்லவா?

ஆந்திரத்தைப் பாருங்கள். 2007இல் ராஜசேகர ரெட்டி தொடங்கிய மருத்துவக் காப்பீட்டுக்குப் பெயர் ராஜீவ் ஆரோக்யஸ்ரீ, பிறகு என்.டி.ஆர். வைத்திய சேவை, 2019க்குப் பிறகு ஒய்.எஸ்.ஆர். ஆரோக்யஸ்ரீ, 2024க்குப் பிறகு மறுபடியும் என்.டி.ஆர். வைத்திய சேவை. பெயர்ப்பலகை எழுதுபவருக்குத்தான் அங்கே நிரந்தரக் காப்பீடு.

மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் 2018 செப்டம்பரில் வந்தது. பிரதமர் படத்தோடு வீடுவீடாகக் கடிதம் போக, நிதியில் எங்களுக்கும் பங்கிருக்கிறதே என்று மேற்கு வங்கத்தின் மம்தா பானர்ஜி 2019 ஜனவரியில் விலகிக்கொண்டார். அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் சிகிச்சைக்காகக் காட்பாடி ரயில் நிலையத்தில் வந்திறங்கும் வங்காளிகளைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். நாடெங்கும் செல்லும் அட்டை அவர்களுக்கு வேண்டாமா? டெல்லி அந்தத் திட்டத்தில் சேர்ந்தது 2025 ஏப்ரலில், அங்கே ஆட்சி மாறிய பிறகு. அதற்கு முன், 2024 அக்டோபரில், எழுபது வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோருக்கும் திட்டத்தை விரித்த விழாவில், டெல்லி, வங்காள முதியவர்களிடம் தம்மால் சேவை செய்ய முடியவில்லை என்று பிரதமர் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு நல்லதுதான். மாரடைப்புக்கு அது கேட்காது.

என் தங்கை கணவருக்கு நேர்ந்ததை 2011இலேயே தங்களுக்கு எழுதினேன். வெளியாகவில்லை. பதவியேற்புப் படங்களுக்கே அப்போது பக்கம் போதாமல் இருந்திருக்கும், புரிந்துகொள்கிறேன்.

இப்போது நான் கேட்பது சிறிய விஷயம். அந்த வரிக்கு ஒரு திருத்தம். பிறகு, காப்பீட்டு அட்டை வழங்கும் விழாப் படம் போடும்போதெல்லாம், அந்த மாவட்டத்தில் எந்த மருத்துவமனையில் எந்தச் சிகிச்சைக்கு அட்டை செல்லும் என்று படத்துக்குக் கீழே ஒரு சிறு பட்டியல். செய்தியாகப் போட இடமில்லை என்றால் விளம்பரக் கட்டணம் எவ்வளவு என்று தெரிவியுங்கள். என் ஓய்வூதியத்திலிருந்து ஒரு மாவட்டத்துக்காவது கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
திருபுவனம், தஞ்சாவூர் மாவட்டம்