ரவுட்டரை அணைப்பதற்கு முன் ஐபி முகவரியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அலுவலக வைஃபையில் இணைப்பு கிடைத்தும் இணையம் வராதது பற்றி வாசகர் ஒருவர் கேட்டிருந்த கேள்விக்கு, தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பகுதியில் வெளியான பதிலைப் படித்தேன். ரவுட்டரை ஒரு முறை அணைத்துப் போடுங்கள், அதிலும் சரியாகாவிட்டால் கணினிக்கு நிலையான ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் எண்) ஒன்றை நீங்களே கொடுத்துவிடுங்கள் என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. வீட்டில் நான்கைந்து கருவிகள் வைத்திருப்பவருக்கு இதனால் பெரிய கெடுதல் வந்துவிடாது. ஆனால் பலர் ஒரே நெட்வொர்க்கில் வேலை செய்யும் அலுவலகத்தில் முதல் யோசனை கோளாறை மறைத்துவிடும். இரண்டாவது யோசனை புதிதாக ஒரு கோளாறை உண்டாக்கும். அலுவலக நெட்வொர்க்குகளைப் பராமரிப்பதே என் தொழில் என்பதால் இதை எழுதுகிறேன்.

எதையும் அணைப்பதற்கு முன்னால், சிக்கலில் இருக்கும் கருவிக்கு எந்த ஐபி முகவரி வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து ஐபிகான்ஃபிக் கட்டளையை 'ஆல்' என்ற சேர்க்கையோடு (ipconfig /all) கொடுத்தால் முகவரி, அதைக் கொடுத்த டிஹெச்சிபி சர்வர் (கருவிகளுக்கு முகவரி விநியோகிக்கும் அமைப்பு; சிறிய இடங்களில் ரவுட்டரே இந்த வேலையைச் செய்யும்), லீஸ் (அந்த முகவரி கொடுக்கப்பட்டிருக்கும் தவணை) தொடங்கிய நேரம், முடியும் நேரம் எல்லாம் வரிவரியாக வந்துவிடும். அங்கே 169.254 என்று தொடங்கும் முகவரி இருந்தால், கணினி முகவரி கேட்டும் யாரும் பதில் தரவில்லை, அதனால் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். கடவுச்சொல் சரியாக இருந்து, வைஃபை சிக்னல் தரும் பெட்டியான அக்சஸ் பாயிண்ட் அந்தக் கருவியை ஏற்றுக்கொண்ட பிறகுதான் இந்தக் கட்டமே வரும். ஆகவே இந்த நிலையில் கடவுச்சொல்லை மாற்றிப் பார்ப்பது வீண் வேலை. (அப்படியும் முதலில் அதைத்தான் மாற்றுகிறார்கள்.)

பதில் வராததற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான் இருக்கும்: கொடுக்க முகவரி மீதியில்லை, அல்லது கேள்வி சர்வர் வரை போய்ச் சேரவில்லை. ஒரு குறிப்பிட்ட அக்சஸ் பாயிண்டுக்கு அருகில் இருப்பவர்களுக்கு மட்டும் சிக்கல் என்றால் நான் முதலில் சந்தேகிப்பது, அந்த அக்சஸ் பாயிண்ட் செருகப்பட்டிருக்கும் சுவிட்ச் (நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் பெட்டி) போர்ட்டைத்தான். ஊழியர்களுக்கும் விருந்தினர்களுக்கும் தனித்தனி விலான் (அதே கேபிள், சுவிட்சுகளிலேயே பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்) பிரித்திருக்கும் இடங்களில், அந்த போர்ட்டில் ஒரு விலான் விடுபட்டுப் போனாலும் வைஃபை பெயர் தெரியும், கடவுச்சொல்லும் ஏற்கப்படும். முகவரி கேட்கும் செய்தி மட்டும் சுவிட்சைத் தாண்டாது. அதே விலானில் உள்ள போர்ட்டில் ஒரு மடிக்கணினியைக் கேபிள் மூலம் செருகிப் பார்த்து, அதற்கு முகவரி வந்துவிட்டால், சர்வரை விட்டுவிட்டு வயர்லெஸ் பக்கம் தேடலாம்.

அலுவலகம் முழுவதும், அதிலும் ஆட்கள் கூடக்கூடச் சிக்கல் வருகிறது என்றால் முகவரிகள் தீர்ந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம். வழக்கமான 192.168.1 வரிசையில் கருவிகளுக்குக் கொடுக்கக் கூடியவை 254 முகவரிகள். பல சிறிய ரவுட்டர்கள் தொழிற்சாலை அமைப்பில் அவற்றிலும் 50 அல்லது 100 முகவரிகளை மட்டுமே விநியோகத்துக்கு ஒதுக்கியிருக்கும். ஒருவருக்கு ஒரு கைப்பேசி, ஒரு மடிக்கணினி என்று வைத்தாலே அது போதாது. விண்டோஸ் சர்வர் இயல்பாகக் கொடுக்கும் லீஸ் காலமோ 8 நாள். ஒரு மணி நேரக் கூட்டத்துக்கு வந்துவிட்டுப் போனவரின் கைப்பேசிக்கான முகவரி, அவர் போன பிறகும் அவ்வளவு நாள் அவர் பெயரிலேயே கிடக்கும். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020இல் வந்த ஐஓஎஸ் 14 ஆகியவற்றிலிருந்து கைப்பேசிகள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் தாமே உருவாக்கிய தனி மேக் முகவரியை (சர்வர் கருவியை அடையாளம் காணும் எண்) காட்டுவதால், ஊழியர் வைஃபை, விருந்தினர் வைஃபை என்ற இரண்டு பெயர்களும் ஒரே தொகுப்பிலிருந்து முகவரி எடுக்கும் இடத்தில் ஒரே கைப்பேசி இரண்டு முகவரிகளைப் பிடித்துக்கொள்ளும். லீஸ் பட்டியலில் மேக் முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ இவற்றில் ஒன்றாக இருந்தால் அது பெரும்பாலும் இப்படிக் கருவி தானே உருவாக்கிய முகவரிதான்.

ரவுட்டரை அணைத்துப் போட்டால் 'சரியாகிவிடுவது' இதனால்தான். பல சிறிய ரவுட்டர்கள் லீஸ் பட்டியலைத் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே வைத்திருக்கின்றன. மின்சாரம் போனதும் பட்டியல் அழிந்து, எல்லா முகவரிகளும் காலியானவை போலத் தோன்றுகின்றன. விடுதி மேலாளர் பதிவேட்டைத் தொலைத்துவிட்டு, ஆள் தங்கியிருக்கும் அறைக்கே இன்னொருவரிடம் சாவி கொடுப்பதைப் போன்றது இது. கொடுப்பதற்கு முன் அந்த முகவரியில் யாராவது இருக்கிறார்களா என்று சில ரவுட்டர்கள் குரல் கொடுத்துப் பார்க்கும். திரை அணைந்து உறக்க நிலையில் இருக்கும் கைப்பேசி பல நேரம் அதற்குப் பதில் சொல்லாது. ஆகவே அன்றைய நெருக்கடி தீரும், ஆங்காங்கே முகவரி மோதல்கள் முளைக்கும், சில நாளில் பழைய சிக்கலும் திரும்பி வரும். விருந்தினர்களுக்குத் தனி விலானும் ஓரிரு மணி நேர லீஸும் வைப்பது, ஊழியர் தொகுப்பை 510 முகவரிகள் கொண்டதாக விரிப்பது ஆகியவையே நிலைக்கும் தீர்வுகள். லீஸ் காலத்தில் பாதி முடிந்ததுமே கருவிகள் தாமாகப் புதுப்பித்துக்கொள்வதால், காலத்தைக் குறைத்தால் இணைப்பு அறுந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

முகவரி 169.254 ஆகவும் இல்லை, அலுவலகத்தின் வரிசையிலும் இல்லை என்றால் கதை வேறு. தம் அறையில் சிக்னல் குறைவு என்று யாரோ ஒருவர் வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து, அதன் லேன் போர்ட்டைச் சுவரில் உள்ள இணைப்பில் செருகியிருப்பார். அதுவும் முகவரி கொடுக்கத் தொடங்கும். பெரும்பாலும் எந்தப் பதில் முதலில் வருகிறதோ அதைத்தான் கருவி எடுத்துக்கொள்ளும் என்பதால் சிலருக்கு வேலை நடக்கும், சிலருக்கு நடக்காது. இந்த நிலையில் அலுவலக ரவுட்டரை அணைத்தால், அது திரும்ப எழுவதற்குள் முகவரி கேட்பவர்கள் எல்லோரும் தவறான பெட்டியிடம் போய்ச் சேருவார்கள். ஐபிகான்ஃபிக் காட்டும் டிஹெச்சிபி சர்வர் வரியே அந்தப் பெட்டியைக் காட்டிக் கொடுத்துவிடும். அதன் மேக் முகவரி எந்த சுவிட்ச் போர்ட்டில் தெரிகிறது என்று பார்த்துக் கழற்ற வேண்டியதுதான். இப்படி வேறு பெட்டிகள் முகவரி கொடுப்பதைத் தடுக்கும் டிஹெச்சிபி ஸ்னூப்பிங் வசதியுள்ள சுவிட்ச் என்றால் அதை இயக்கி வைப்பது நல்லது.

கையால் முகவரி கொடுப்பதைப் பொறுத்தவரை, விநியோகத் தொகுப்புக்குள் இருக்கும் ஓர் எண்ணை ஒருவர் தாமாகப் போட்டுக்கொண்டால் அது சர்வருக்குத் தெரியாது. அதே எண்ணை அது வேறொருவருக்குக் கொடுத்துவிடக் கூடும். பிறகு இருவருக்கும் இணைப்பு விட்டு விட்டு வரும், இருவரும் வைஃபையைக் குறை சொல்வார்கள். பிரிண்டர் போன்றவற்றுக்கு மாறாத முகவரி தேவைதான். அதை அந்தக் கருவியில் போடாமல், சர்வரில் அதன் மேக் முகவரிக்கு ஒதுக்கி வைத்தால் கணக்கு ஓரிடத்தில் இருக்கும்.

தங்கள் பதிலைப் படித்து ஏற்கெனவே நிலையான முகவரி போட்டுக்கொண்ட வாசகர்கள், அந்த இணைப்பின் ஐபி ஒதுக்கீட்டைத் தானியங்கி டிஹெச்சிபிக்கு மாற்றிக்கொள்ளும்படி அடுத்த பகுதியில் ஒரு குறிப்பு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். டிஎன்எஸ் (இணையதளப் பெயர்களுக்கு உரிய ஐபி முகவரியைச் சொல்லும் சர்வர்) முகவரியையும் கையால் மாற்றியிருந்தால் அதையும் தானியங்கிக்குத் திருப்ப வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
நெட்வொர்க் பராமரிப்புப் பணியிலுள்ள வாசகர்