குக்ரியோடு போனவர் முல்லா மட்டும் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடற்படை தினத்தை ஒட்டி நீங்கள் போட்ட 1971 போர்க் கட்டுரையில் கேப்டன் மகேந்திரநாத் முல்லாவுக்கு இரண்டே பத்தி. அதிலும் பாதிக்கு மேல், அவர் தலைமை தாங்கிய போர்க்கப்பலான ஐ.என்.எஸ். குக்ரி மூழ்கும்போது நாற்காலியில் உட்கார்ந்து அவர் சிகரெட் பிடித்த கதை. பிழைத்து வந்தவர்கள் வழியாக வந்த கதைதான், மறுக்கவில்லை. தன் லைஃப் ஜாக்கெட்டை ஒரு மாலுமிக்குக் கொடுத்தார் என்று அவருடைய மகாவீர் சக்ரா விருதுக் குறிப்பிலேயே இருக்கிறது. ஆனால் அந்தக் கப்பல் ஏன் மூழ்கியது என்று ஒரு வரியாவது வேண்டாமா?

டிசம்பர் 9 இரவு, குஜராத் கரையோர டையூவுக்கு அப்பால் ஹாங்கோர் என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கியைத் தேடிப் போனவை குக்ரியும் கிர்பானும். கூடப் போயிருக்க வேண்டிய குதார் என்ற கப்பல் இயந்திரக் கோளாறால் சேரவில்லை. ஹாங்கோர் பிரான்சில் கட்டிய நவீன டாஃப்னே வகை, நம்முடையவை ஐம்பதுகளின் பிரிட்டிஷ் ஃபிரிகேட் போர்க்கப்பல்கள்; ஒலியை வைத்து நீருக்கடியில் தேடும் நம் சோனாரைவிட அவர்களுடையது எவ்வளவோ தூரம் எட்டும், அதாவது நாம் தேடத் தொடங்கும்போதே அவர்கள் நம்மைப் பார்த்துவிடுவார்கள், இது தலைமையகத்துக்குத் தெரியாத விஷயமும் இல்லை. இதற்கு நடுவில் லெப்டினன்ட் வி.கே. ஜெயின் என்ற இளம் அதிகாரி, சோனாரின் எட்டும் தூரத்தைக் கூட்ட ஒரு கருவியைப் பொருத்திக் குக்ரியிலேயே சோதித்துக்கொண்டிருந்தார். அதற்காக வேகம் குறைக்கப்பட்டது. நீர்மூழ்கி இருக்கும் கடலில் மெதுவாகப் போவது எவ்வளவு ஆபத்து என்பது முல்லாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்! தெரிந்தேதான் அனுமதித்தார். அது தவறான கணக்கா, வேறு வழி இல்லாத கணக்கா என்று கடற்படைக்காரர்களே இன்னும் வாதாடுகிறார்கள். என்னைக் கேட்டால், குருட்டுச் சோனாரோடு தேட அனுப்பியவர்களிடம்தான் முதல் கேள்வி போக வேண்டும், அப்புறம்தான் முல்லா. இதைக் கேட்பதால் அவர் மரியாதை ஒன்றும் குறையாது.

ஹாங்கோர் ஏவிய டார்பிடோ தாக்கிய சில நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. இறந்தவர்கள் 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். அந்த 18-ல் ஒருவர் முல்லா, ஜெயினும் திரும்பவில்லை. கீழ்த்தளங்களில் இருந்தவர்களுக்குப் போவதா இருப்பதா என்று முடிவெடுக்க நேரமே கிடைத்திருக்காது. உங்கள் கட்டுரையில் அவர்கள் ‘மற்றும் பலர்’.

டையூவில் கண்ணாடிக்குள் குக்ரியின் மாதிரியை வைத்து நினைவிடம் எழுப்பியிருக்கிறார்கள். அதே பெயரில் 1989-ல் வந்த போர்க்கப்பலும் 2021-ல் ஓய்வு பெற்றபின் அங்கேயே அருங்காட்சியகத்துக்காகப் போய்ச் சேர்ந்தது. சரி, நல்லதுதான்.

ஒரு வேண்டுகோள். அன்று பிழைத்தவர்கள் 67 பேர். இன்று இருப்பவர்கள் எழுபது, எண்பது வயதைத் தாண்டியிருப்பார்கள். அவர்களில் ஒருவரையாவது தேடிப் பிடித்துப் பேசி, அடுத்த டிசம்பருக்குள் நாலு பக்கம் போடுங்கள், சிகரெட் படம் இல்லாமல்.

– வாசகர், தூத்துக்குடி